காப்புரிமை விண்ணப்பத்துக்கு லேடெக் வார்ப்புரு: எதைத் தானியங்கியாக விடலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நீர்க்கசிவைத் தானே உணர்ந்து மூடிக்கொள்ளும் ஒரு வால்வுக்கான காப்புரிமை விண்ணப்பத்தை எழுதி வருகிறேன். வரைவு முடிந்ததும் காப்புரிமை முகவர் ஒருவர் அதைச் சரிபார்க்க இருக்கிறார். ஆய்வுக் கட்டுரைகளை லேடெக்கில் (கட்டளைகளைக் கொண்டு ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் மென்பொருள்) எழுதியே பழகிவிட்டதால் இதையும் அதிலேயே தயாரிக்க விரும்புகிறேன். முதலில் பிசிடி (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம்) வழியாகப் பன்னாட்டு விண்ணப்பம், பின்னர் அமெரிக்கா என்பது திட்டம். லேடெக்கில் கட்டுரைகளுக்கென உள்ள ஆயத்த அமைப்பான கட்டுரை வகுப்பை எடுத்து ஓரங்களை மட்டும் மாற்றினால் போதுமா, தனி வார்ப்புரு வேண்டுமா? இடையில் ஒரு படத்தைச் சேர்த்தால் பாகங்களுக்குக் கொடுத்த எண்கள் அனைத்தையும் கையால் திருத்த வேண்டியிருப்பதுதான் இப்போதைய பெரிய தொல்லை.

பதில் 1

பக்க அமைப்பைப் பொறுத்தவரை கட்டுரை வகுப்பே போதும். பிசிடியின் 11-ஆம் விதி கேட்பவை இவைதான்: ஏ4 தாள், உரைப் பக்கங்களில் மேல், கீழ், வலம் ஆகிய மூன்றிலும் குறைந்தது 2 செ.மீ., இடப்புறம் 2.5 செ.மீ. ஓரம், ஒன்றரை வரி இடைவெளி, பெரிய எழுத்தின் உயரம் 0.28 செ.மீட்டருக்குக் குறையாமை. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. லேடெக்கின் இயல்பான கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் பெரிய எழுத்து ஏறத்தாழ 2.9 மி.மீ. வருகிறது; 11 புள்ளிக்கு இறங்கினால் 2.6 மி.மீ. ஆகிவிடும். ஆகவே 12-ஐத் தொடாதீர்கள். ஒவ்வோர் ஐந்தாவது வரிக்கும் இடது ஓரத்தில் எண்ணிடுமாறு விதி வலுவாகப் பரிந்துரைக்கிறது. லைன்நோ தொகுப்பின் மாடுலோ விருப்பம் அதைச் செய்துவிடும். விவரிப்பு, உரிமைக்கோரல்கள் (எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகங்கள்), சுருக்கம் ஆகிய ஒவ்வொன்றும் புதிய தாளில் தொடங்க வேண்டும். வரைபடத் தாள்களுக்கு ஓர அளவுகளும் வேறு, பக்க எண் வரிசையும் வேறு என்பதால் அவற்றைத் தனிக் கோப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது.

பதில் 2

மேலே சொன்னவை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடக்கூடியவை. வார்ப்புருவின் உண்மையான பயன் பாக எண்களில்தான் இருக்கிறது. விவரிப்பில் இல்லாத எண் வரைபடத்திலும், வரைபடத்தில் இல்லாத எண் விவரிப்பிலும் வரக் கூடாது என்றும், ஒரே பாகத்துக்கு விண்ணப்பம் முழுவதும் ஒரே எண்தான் என்றும் விதி சொல்கிறது. கையால் எழுதும்போது அடிக்கடி பிசகும் இடம் இதுவே.

எனவே பாகங்களுக்கென ஒரு தனிக் கோப்பை வைத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கட்டளையை வரையறுத்து, பெயரையும் எண்ணையும் அதற்குள் பூட்டிவிடுங்கள். உரையில் அந்தக் கட்டளையை அழைத்தால் ‘அடைப்புத் தகடு 112’ என்று முழுமையாக வரட்டும். பெயரும் சேர்ந்து பூட்டப்படுவதால், ஓரிடத்தில் ‘அடைப்புத் தகடு’, இன்னோரிடத்தில் ‘மூடு தகடு’ என்று எழுதிவிட்டு இரண்டும் ஒன்றா என்று பரிசோதகர் கேட்கும் நிலையும் வராது. படங்களை டிக்ஸில் (லேடெக்குக்குள்ளேயே படம் வரைய உதவும் தொகுப்பு) வரைந்தால் அதே கோப்பை அங்கும் உள்ளிடலாம். எண்களை 110, 112, 114 என்று இடைவெளி விட்டுக் கொடுங்கள்; இடையில் ஒரு பாகம் நுழைந்தாலும் மற்றவை நகர வேண்டியதில்லை.

உரிமைக்கோரல்களுக்குள் மட்டும் அதே கட்டளை வேறு வகையில் நடக்க வேண்டும். பிசிடி விண்ணப்பங்களில் கோரலில் வரும் எண்ணை அடைப்புக்குறிக்குள் இடுவது வழக்கம். அமெரிக்காவுக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் எண்ணையே விட்டுவிடுவார்கள். கோப்பின் தலைப்பகுதியில் ஒரே ஒரு நிபந்தனைச் சொடுக்கி இருந்தால் இரண்டு வடிவங்களையும் ஒரே மூலத்திலிருந்து எடுக்கலாம். சார்புக் கோரல்கள் எந்தக் கோரலைச் சார்ந்தவை என்பதையும் லேபிள் (எண்ணுக்குப் பதிலாக இடும் அடையாளப் பெயர்; எண்ணை லேடெக்கே நிரப்பும்) கொண்டே குறியுங்கள். ஆனால் ‘1 முதல் 4 வரையிலான கோரல்களில் ஏதேனும் ஒன்றின்படி’ என்று பல கோரல்களைச் சாரும் ஒரு கோரல், அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றைச் சார்வதை அமெரிக்கா ஏற்பதில்லை. இதை எந்த வார்ப்புருவும் உங்களுக்காகக் கண்டுபிடித்துத் தராது.

கேட்டவர்

மிக்க நன்றி. பாகக் கோப்பு யோசனையை இன்றே செயல்படுத்துகிறேன். அமெரிக்க அலுவலகம் பிடிஎஃப் கோப்புக்குக் கூடுதல் கட்டணம் வாங்குகிறது என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் லேடெக்கில் எழுதுவதே வீண் வேலையாகிவிடாதா?

பதில் 3

உங்கள் திட்டப்படி போனால் வீணாகாது. 2024 ஜனவரி 17 முதல், விவரிப்பையும் கோரல்களையும் சுருக்கத்தையும் டாக்எக்ஸ் (வேர்ட் கோப்பு) வடிவில் தராதவர்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது அங்கே நேரடியாகத் தாக்கலாகும் வழக்கமான விண்ணப்பங்களுக்கானது. தற்காலிக விண்ணப்பங்களுக்கும், பிசிடியிலிருந்து தேசியக் கட்டத்தில் (பன்னாட்டு விண்ணப்பத்தையே ஒரு நாட்டின் அலுவலகம் எடுத்துப் பரிசீலிக்கும் கட்டம்) நுழைபவற்றுக்கும் அது பொருந்தாது. தேசியக் கட்டத்தைத் தவிர்த்து, பிசிடியின் தொடர்ச்சியாகப் புதிய விண்ணப்பம் போடும் வழியை முகவர் பரிந்துரைத்தால் அப்போது டாக்எக்ஸ் கேள்வி எழும். பாண்டாக் என்னும் கோப்பு மாற்றியைக் கொண்டு மாற்றலாம் என்றாலும், எண்ணிகளை (லேடெக்கில் தானாக எண்ணிடும் அமைப்பு) நம்பி எழுதப்பட்ட கட்டளைகள் மாற்றத்தில் உதிர்ந்துபோவதுண்டு. சமன்பாடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்தக் கோப்பை அனுப்பக் கூடாது.

தாக்கலுக்குப் பிறகு வரும் சிக்கல் ஒன்றை இங்கே யாரும் தொடவில்லை. தானியங்கி எண்ணிடல் வரைவுக் காலத்துக்கு மட்டுமே உரியது. அமெரிக்காவில் ஒரு கோரலை நீக்கினாலும் அதன் எண் நீக்கப்பட்டது என்ற குறிப்புடன் அப்படியே நிற்க வேண்டும், புதிய கோரல் வரிசையின் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணைப் பெற வேண்டும். உங்கள் வார்ப்புருவோ 6-ஐ நீக்கிய மறுகணமே 7-ஐ 6 ஆக்கிவிடும், அதைச் சார்ந்த கோரல்களும் சத்தமில்லாமல் மாறிவிடும். ஆகவே தாக்கல் செய்த அன்றே எண்ணிகளை நிலையான எண்களாக மாற்றி, அந்தப் பதிப்பைக் கிட்டில் (கோப்புகளின் பதிப்புகளைச் சேமிக்கும் மென்பொருள்) தனியாகக் குறியிட்டு வைத்துவிட்டு, திருத்தங்களை அதன் நகலில் மட்டுமே செய்யுங்கள்.