வளரும் டேட்டாவுக்கு எந்த பேக்கப்? சென்னை அலுவலகங்களில் கண்டது

கிண்டி, சர்வர் நிர்வாகம்:
டேட்டா ஏறிக்கொண்டே போகிறது, எந்த பேக்கப் சாஃப்ட்வேர் என்று கேட்பதற்கு முன், திரும்ப எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, 10 டிபி (டெராபைட்; ஒரு டிபி 1,000 ஜிபி) டேட்டாவை 100 எம்பிபிஎஸ் லைனில் கிளவுடிலிருந்து இறக்க, லைன் முழுசாகக் கிடைத்தாலும் 9 நாள் தாண்டும். 1 ஜிபிபிஎஸ் என்றால் சுமார் 22 மணி நேரம். கிளவுட் மட்டும் போதும் என்பதை ஒத்துக்கொள்ளவே கூடாது. அலுவலகத்துக்குள் ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த டிஸ்க் பெட்டி) கட்டாயம்.

அடுத்து இடம். அந்த 10 டிபியில் தினமும் 2 சதவீதம் மாறினால் நாளுக்கு 200 ஜிபி. ஒரு ஃபுல் (முழு நகல்), மேலே 30 நாள் இன்க்ரிமென்டல் (அன்றன்று மாறியது மட்டும்): 16 டிபி. வாராவாரம் ஃபுல் எடுத்து 30 நாள் வைத்தால், கம்ப்ரஷன் இல்லாவிட்டால் ஃபுல் மட்டுமே 50 டிபியைத் தொடும். நாஸ் ஆறே மாதத்தில் நிரம்புவது பெரும்பாலும் இதனால்தான். ரெய்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்று போனாலும் ஓடும் அமைப்பு) இருக்கிறதே என்பார்கள். டிஸ்க் போனால் அது காப்பாற்றும். ஃபைலை யாராவது அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே அழியும்.

வேளச்சேரி, ஐடி ஒப்பந்தப் பணி:
சார், நாஸ் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. சர்வர் மூன்றாவது மாடியில் இருந்தாலும் ஜெனரேட்டரும் மெயின் பேனலும் கீழேதானே இருக்கின்றன? ஒரு நகல் ஊருக்கு வெளியே போகணும். மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஷ்யூரில் ‘சவுத் இந்தியா’ என்பது சென்னையேதான். அதில் எல்ஆர்எஸ் (எல்லா நகலையும் ஒரே இடத்தில் வைக்கும் வகை) எடுத்தால் மூன்று நகலும் இதே ஊரில். புனேயில் உள்ள ‘சென்ட்ரல் இந்தியா’, இல்லையென்றால் அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ் மும்பை, ஹைதராபாத் பாருங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட், ஸ்டோரேஜ்:
50 டிபிக்கு மேல், அடிக்கடி தொடாத டேட்டா என்றால் மேக்னடிக் டேப்பை ஒதுக்காதீர்கள். எல்டிஓ-9 வகை டேப் என்றால் ஒரு கேட்ரிட்ஜில் கம்ப்ரஸ் செய்யாமல் 18 டிபி. புது கேட்ரிட்ஜை முதன்முதலாகப் போடும்போது டிரைவ் அதைத் தயார்செய்ய 2 மணி நேரம் வரை எடுக்கும்; ரிப்பேர் என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். சின்னச் சின்ன ஃபைல்களை நேராக டேப்புக்கு அனுப்பினால் வேகம் போதாமல் டேப் நின்று நின்று பின்னால் போய் ஓடும், தேயும். முதலில் டிஸ்க்கில் சேர்த்து, பிறகு டேப்புக்கு. நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஏசி இல்லாத ஸ்டோர் ரூம் ஆகாது.

தி.நகர், கணக்குப் பிரிவு:
கம்பெனி என்றால் சட்டமும் உண்டு. கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும், இந்தியாவில் உள்ள சர்வரில் எடுக்கணும். 2022 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் விதி. கணக்கை 8 நிதியாண்டு வைத்திருக்கணும். 30 நாள் ரிடென்ஷன் (பழைய நகலை வைத்திருக்கும் காலம்) மட்டும் போட்டால் இதற்குப் பத்தாது. ஆண்டு முடிவு நகலைத் தனியாக எடுத்து வையுங்கள். டாலி கணக்கு சாஃப்ட்வேரில் ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஃபோல்டரை காப்பி அடிக்கக் கூடாது. நகல் பாதி மாறியும் பாதி மாறாமலும் வரும்.

கிண்டி, சர்வர் நிர்வாகம்:
ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) விட்டுப்போச்சு. நாஸை அலுவலகத்தின் பொது லாகின் அமைப்பான டொமைனில் சேர்க்காதீர்கள்; அட்மின் பாஸ்வேர்டு ஒன்று போனால் பேக்கப்பும் போகும். கிளவுடில் வைக்கும் வெளி நகலுக்கு ஆப்ஜெக்ட் லாக் (குறித்த நாள்வரை அழிக்க விடாத பூட்டு), அதன் கண்டிப்பான வகையான கம்ப்ளையன்ஸ் மோடில். கெடு முடியும்வரை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்காலும் அழிக்க முடியாது. நாள் கணக்கைத் தவறாகப் போட்டால் அதுவரை பில்லும் ஓடும், அதனால் 14 நாளில் தொடங்குங்கள். காலாண்டுக்கு ஒருமுறை ஒரு டேட்டாபேஸையாவது வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து, கடைசி இன்வாய்ஸ் எண் சரியா என்று கணக்குப் பிரிவிடம் கேளுங்கள்.