மர வளையத்தில் கூடிய கார்பன்-14: சூரியன் அடங்கியதாலா, சீறியதாலா?

கேள்வி:
வணக்கம். தொலைநோக்கியில் சூரியக் கரும்புள்ளிகளைப் பார்த்துக் குறிக்கத் தொடங்கியதே 1610ஆம் ஆண்டையொட்டித்தான் என்பதால், அதற்கு முந்தைய சூரியனை அறிய மர வளையங்களில் உள்ள கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவை நாடுகிறார்கள். கரும்புள்ளிகள் அரிதாகிப்போன 1645–1715 காலத்தில் அது கூடியிருக்கிறது; சூரியன் சீறியதாகச் சொல்லப்படும் கி.பி. 775ஆம் ஆண்டு வளையத்திலும் கூடியிருக்கிறது. அடங்கினாலும் கூடும், சீறினாலும் கூடும் என்றால் இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

பதில் 1:
நல்ல கேள்வி. கார்பன்-14 சூரியனிலிருந்து வருவதில்லை. விண்வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டல நைட்ரஜனைத் தாக்கும்போது உருவாகிறது. சூரியனின் காந்தப்புலம் அக்கதிர்களுக்குத் தடுப்பாக நிற்கிறது. சூரியன் அடங்கும்போது தடுப்பு தளர்வதால் கார்பன்-14 பல பத்தாண்டுகளில் மெல்ல ஏறுகிறது. சீற்றத்திலோ சூரியனே துகள்களை வாரி இறைப்பதால் ஏற்றம் திடீரென்று நிகழ்கிறது. ஜப்பானின் யாக்கு தீவு தேவதாரு மரத்தின் வளையங்களை ஆராய்ந்து, 774, 775ஆம் ஆண்டுகளுக்கு இடையில் மட்டும் சுமார் 1.2 விழுக்காடு ஏற்றம் இருப்பதை ஃபுசா மியாகே குழுவினர் 2012இல் வெளியிட்டனர். வழக்கமான சூரிய மாற்றங்கள் ஓராண்டில் ஏற்படுத்துவதைப் போல இது ஏறத்தாழ 20 மடங்கு. பத்துப் பத்து வளையங்களைச் சேர்த்து அளந்திருந்தால் இது மழுங்கித்தான் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வளையத்தையும் கத்தியால் தனித்தனியே சீவியெடுக்கும் பொறுமைக்குக் கிடைத்த பலன் இது என்றே நான் கருதுகிறேன்.

பதில் 2:
வேகம் மட்டும் போதாது; பனிப்பாளச் சான்றும் வேண்டும். கார்பன்-14 போலவே வளிமண்டலத்தில் இத்துகள்கள் தாக்குவதால் உருவாகும் பெரிலியம்-10, குளோரின்-36 இரண்டும் கிரீன்லாந்துப் பனி அடுக்குகளில் அதே 775ஆம் ஆண்டையொட்டிக் கூடியுள்ளன. சூரியத் துகள்களின் ஆற்றல் தொலைதூரக் காஸ்மிக் கதிர்களின் ஆற்றலைவிடக் குறைவு. குறைந்த ஆற்றலிலும் குளோரின்-36 எளிதில் உருவாகும். ஆகவே அது பெரிலியத்தைவிட மிகுதியாக உயர்ந்திருப்பது சூரியனையே சுட்டுகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. வேறு மரங்களிலும் இத்தகைய ஏற்றம் கிடைத்துள்ளதா?

பதில் 1:
ஆம். கி.பி. 993ஆம் ஆண்டையொட்டியும் ஓர் ஏற்றம் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் (வட ஐரோப்பியக் கடலோடிகள்) இரும்புக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகளில் அந்த வளையத்தைக் கண்டறிந்து, அங்கிருந்து பட்டையின் விளிம்பு வரை எண்ணினார்கள். 28 வளையங்கள் இருந்தன. மூன்று தனித்தனி மரங்களிலும் கணக்கு ஒன்றாகவே வந்ததால், அவை 1021இல் வெட்டப்பட்டவை என்று உறுதியாயிற்று.