முட்டை குடிக்கிற பேடும் அடையால எழும்பாத பேடும்
(கேட்டவரும் பதில் சொன்னவையும் அவையவையின்ர ஊர்ப்பேரில)

பரந்தன்:
ஆறு ஊர்க்கோழிப் பேடு, ஒரு சேவல். பகல் முழுக்க வளவுக்குள்ள திரியும். தீன் நெல்லும் குறுணலும். கூட்டுக்குள்ள ரெண்டு கடகம், வைக்கோல் போட்டு. முந்தி நாளுக்கு மூண்டு நாலு முட்டை. இப்ப ஒண்டு, சில நாள் அதுவும் இல்லை. வைக்கோலில மஞ்சள் கரு ஒட்டிக் கிடக்குது. ஒரு பேடு கடகத்தை விட்டு எழும்புதே இல்லை. கடையில விற்றமின் தண்ணி குடுக்கச் சொல்லுகினம். குடுக்கலாமோ?

மாங்குளம்:
விற்றமினுக்குக் காசைக் கொட்ட முந்தி கடகத்தை வடிவாப் பாருங்கோ. கோதும் இல்லை, கருவும் இல்லை, வைக்கோலும் கலையேல்லை எண்டால் பாம்பு, அல்லாட்டி உடும்பு. முழுசா விழுங்கிப்போடும். வேலியோரம் உடைஞ்ச கோது கிடந்தால் கீரி, காகம். நீங்கள் சொல்லுற மாதிரி வைக்கோல் ஈரமாய்ப் பிசுபிசுத்து, நகத்தளவு கோதுத்துண்டு ரெண்டு மூண்டு கிடந்தால் பேடுதான் குடிக்குது. முட்டை உடைஞ்சு கிடந்த உடன ஒவ்வொண்டாப் பிடிச்சுச் சொண்டைத் திருப்பிப் பாருங்கோ. கீழ்ச்சொண்டு ஓரத்தில, கழுத்துச் செட்டையில கரு காய்ஞ்சு மஞ்சளா ஒட்டியிருக்கும்.

பெரும்பாலும் முதல் முட்டையை அது வேணுமெண்டு உடைக்கிறேல்லை. கோது மெல்லிசு, மிதிபட்டு உடையும். ருசி பிடிபட்டால் பேந்து தானே கொத்தும். அப்ப பார்க்கவேண்டியது கோதை. ஒரு முட்டைக் கோதில ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கு. தின்னுற கல்சியத்தில பாதி மட்டில்தான் உடம்பில சேரும், ஆனபடியால் முட்டையிடுற நாளில 4 கிராம் வரை உள்ளுக்குப் போகவேணும். நெல்லிலயும் குறுணலிலயும் அது இல்லாததுக்குச் சமன்.

முல்லைத்தீவுக் கரையில சிப்பி கிடக்குது. உப்புப் போகக் கழுவி, வெயிலில காய வைச்சு, பயறளவுக்கு உடையுங்கோ. மாவாக்கிப்போடாதையுங்கோ. கோது கூடுதலாய்க் கட்டுப்படுறது இரவில. கரடுமுரடான துண்டு இரைப்பையில தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரையும். மா பின்னேரத்துக்கிடையில போயிடும். தீனோட கலக்காமல் தனிச் சிரட்டையில வைச்சால் தேவையான பேடு தேடித் தின்னும்.

கோதுக்குள்ள மிளகாய்த்தூள் அடைச்சு வைக்கிற வைத்தியம் எல்லா ஊரிலயும் இருக்கு. வேலை செய்யாது. பறவைக்கு மிளகாய் உறைக்காது. கிளி கொச்சிக்காய் தின்னுறதைப் பார்த்திருப்பியள் தானே. அதை விட, மரத்தில முட்டை மாதிரிக் கடைஞ்சு கடகத்துக்கு ரெண்டு போடுங்கோ. கொத்திக் கொத்திச் சொண்டு நொந்து விடும். கடகத்து வாயில சாக்குத் துண்டைப் பாதி மறைவாய்த் தொங்கவிடுங்கோ, இருட்டில கொத்துறது குறையும். வைக்கோல் நாலு விரல் கனம் இருக்கவேணும். காலமை எட்டுக்கு, பத்தரைக்கு, ரெண்டு மணிக்கு எண்டு மூண்டு தரம் முட்டை எடுங்கோ. மூண்டு கிழமையிலயும் விடாட்டில் அந்தப் பேடு கறிச்சட்டிக்குத்தான்.

நெடுங்கேணி:
எழும்பாத பேடு அடை கிடக்கு, வருத்தமில்லை. கிட்டப் போனால் செட்டையைச் சிலிர்த்து உறுமும், வயித்தடியில செட்டை உதிர்ந்து வெறுந்தோல் தெரியும், நாளுக்கு ஒருக்கா எழும்பிப் பெரிசா, நாத்தமா எச்சம் போடும்.

குஞ்சு வேணுமெண்டால் ஒரு கிழமைக்குள்ள இட்ட முட்டையில 10, 12 எடுத்து இரவில வையுங்கோ. கடகத்துக்கு அடியில மணல், மேல வைக்கோல், கொஞ்சம் வேப்பிலை. ஏழாம் நாள் இரவு டோர்ச்சைப் பிடிச்சால் சிலந்தி மாதிரிச் சிவப்பு நரம்பு ஓடியிருக்கும். ஒண்டுமில்லாமல் வெளிச்சமாய்த் தெரியிறதை எடுத்துப்போடுங்கோ, கிடந்து அழுகி வெடிச்சால் மற்றதும் பழுது. 21 நாளில பொரிக்கும். அதுக்குப் பிறகு குஞ்சோட திரியிற ஒண்டரை ரெண்டு மாசமும் முட்டை இல்லை. ஊர்க்கோழியிட்ட வருசக் கணக்குக் குறைவாய் வாறது இதால.

குஞ்சு வேண்டாமெண்டால் தண்ணித் தொட்டியில அமுக்கிறது, பட்டினி போடுறது ரெண்டும் வேண்டாம். பட்டினி போட்டால் திரும்ப முட்டைக்கு வரப் பிந்தும். நாலு பக்கமும், அடியும் கம்பிவலை போட்ட பெட்டி செய்து, நிலத்தில இருந்து ரெண்டடி உயரத்தில, நிழலில வையுங்கோ. வைக்கோல் கூடாது. தீனும் தண்ணியும் வழமை போல. வயித்தடியில காத்துப் பட்டுச் சூடு தணிஞ்சால் அடை விடும். அடை துவங்கின ரெண்டாம் நாளே பிடிச்சுப் போட்டால் மூண்டு நாள் காணும். ஒரு கிழமை கிடந்ததெண்டால் ஆறேழு நாள் எடுக்கும். இறக்கிவிட்ட உடன திரும்பக் கடகத்துக்கு ஓடினால் இன்னும் ரெண்டு நாள். முட்டைக்கு வர ரெண்டு மூண்டு கிழமை.

புதுக்குடியிருப்பு:
மிச்ச அஞ்சிலயும் எது முட்டையிடுது எண்டு கையால பார்க்கலாம். எச்சவாயிலுக்கு ரெண்டு பக்கமும் கூரான எலும்பு நுனி ரெண்டு தட்டுப்படும். இடையில ரெண்டு மூண்டு விரல் போனால் இடுற பேடு, ஒரு விரல்தான் எண்டால் நிண்டிட்டுது. தலைப்பூவும் சுருங்கி வெளிறியிருக்கும்.

விரல் போகுது, கடகத்தில முட்டை இல்லை எண்டால் வெளியில இடுது. கிடுகு அடுக்கு, வைக்கோல் பட்டடை, நாயுண்ணிப் பத்தை எல்லாம் தேடுங்கோ. ஒரு கிழமைக்குப் பத்தரை மணி மட்டும் கூட்டைத் திறக்கவேண்டாம். கன பேடு விடிஞ்சு அஞ்சாறு மணித்தியாலத்துக்குள்ள இட்டிடும்.

தண்ணியைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. சோளகக் காத்து வீசுற வெக்கை மாசங்களில ஒரு பேட்டுக்குக் கால் லீற்றர் காணாது, அதின்ர இருமடங்கு வேணும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைச்சுத்தான் சூட்டைத் தணிக்கும். அப்பிடி இரைக்க இரைக்க இரத்தத்தில காபனீரொட்சைட்டு குறையும். அது குறைஞ்சால் சிப்பி தின்னாலும் கோது மெல்லிசுதான். மண்சட்டியில நிழலில வைச்சு, மத்தியானம் ஒருக்கா மாத்துங்கோ. தீனை விடியவும் அஞ்சு மணிக்குப் பிறகும் போடுங்கோ. கிணத்துத் தண்ணி உவரெண்டால் அதுவும் கோதைக் கெடுக்கும்.

ஒட்டுசுட்டான்:
ஆனை கலைக்கிற வெடி கொளுத்தின இரவுக்கு அடுத்த நாள் கோது இல்லாத தோல்முட்டையோ, சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை படிஞ்ச முட்டையோ வந்தால் மருந்து தேடாதையுங்கோ. வெருண்ட பேடு சிலது முந்தித் தள்ளும், சிலது பிடிச்சு வைச்சிருக்கும். ரெண்டு மூண்டு நாளில சரிவரும். பத்து நாளாய் எல்லாப் பேடும் அப்பிடி இட்டு, பச்சை எச்சமும் கழுத்து முறுக்கலும் இருந்தால் ராணிக்கெட் எண்ட தொத்து வருத்தமாய் இருக்கலாம். உடன மிருக வைத்தியரிட்டக் காட்டுங்கோ.

கனகராயன்குளம்:
ஒன்றைச் சேர்க்கிறேன். வாலைத் தொங்கப் போட்டு, உடம்பை நிமிர்த்தி நின்று முக்குகிற பேடு அடைக் கோழியல்ல, முட்டை வெளியே வராமல் உள்ளே இறுகிவிட்டது. பேசினில் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீர் விட்டு, வயிறு மூழ்க இருபது நிமிடம் வைத்திருங்கள். துடைத்து, எச்சவாயில் ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவி, இருட்டான பெட்டியில் ஒரு மணித்தியாலம் தனியே விடுங்கள். வராவிட்டால் திரும்ப ஒருக்கால். வயிற்றை அமுக்கவே கூடாது. உள்ளே உடைந்தால் கோது கிழித்துப் புண்ணாகி அநேகமாகச் செத்துவிடும். அடுத்த நாளும் இடாவிட்டால் வைத்தியர்தான். சிவப்பாகத் தசை வெளியே தள்ளியிருந்தால் முதல் வேலை தனியாக்குவது. மற்றக் கோழிகள் கொத்திக் குதறிவிடும்.

பரந்தன்:
ரெண்டின்ர சொண்டில மஞ்சள் இருக்கு. அடைக்கோழியைக் கம்பிவலைக்குள்ள போட்டாச்சு. லேயர் மாஸ் (முட்டைக்கோழிக்கெண்டு கடையில விக்கிற தீன்) குடுத்தால் சிப்பி தேவையோ? சிரட்டையைச் சேவலும் கொத்துது.

மாங்குளம்:
மாஸ் மட்டும் தின்னுறதெண்டால் தேவையில்லை, அதில கல்சியம் இருக்கு. பாதி நெல், பாதி மாஸ் எண்டால் சிரட்டை கிடக்கட்டும். குஞ்சுகளுக்கு மாஸ் எட்டாமல் பாருங்கோ, அந்தளவு கல்சியம் அதுகளின்ர சிறுநீரகத்துக்குக் கூடாது. சேவல் ரெண்டு கொத்துக் கொத்திப்போட்டு விட்டிடும்.