தங்க நிறச் சட்டையை எதோடு போடலாம்?

அக்காமார், தங்கச்சிமார், ஒரு யோசனை சொல்லுங்கோ. கனடாவில் இருந்து சித்தி தங்க நிறச் சாட்டின் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறா. முழங்காலுக்குக் கீழே வரும், மங்கலான பொன் நிறம். அடுத்த மாதம் மச்சாளின் கலியாண வரவேற்புக்கு அதைத்தான் போடப் போகிறேன்.

அம்மா பதக்கம் சங்கிலி, காப்பு எல்லாம் போடச் சொல்லி நிற்கிறா. பொன்னுக்கு மேலே பொன் போட்டால் நகையும் எடுபடாது, சட்டையும் எடுபடாது என்பது என் கட்சி. முத்துத் தோடும் பச்சைக்கல் அட்டியலும் போதாதா? மெரூன் சால்வை சேருமா?

சரி, கலியாணம் முடிந்த பிறகு? அலுமாரியில் தூக்கி வைக்க மனமில்லை. மேலே வெள்ளைப் பருத்திச் சேர்ட்டை இடுப்பில் முடிச்சுப் போட்டு, தட்டைச் செருப்போடு வேலைக்குப் போகலாமா? டெனிம் ஜாக்கெட் என்று மட்டும் சொல்லாதேங்கோ, யாழ்ப்பாண வெயிலில் அவிந்து போவேன். நல்லூர்க் கோயிலுக்கு எப்படியும் சேலைதான், அந்தக் கவலை இல்லை.

சாட்டினில் வியர்வை பட்டால் உடனே கறை தெரியும். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டுச் சமாளித்தவர்கள் இருக்கிறீர்களா? கஸ்தூரியார் வீதிப் பக்கம் முத்து நகை மலிவாக எடுக்கக்கூடிய கடை தெரிந்தாலும் எழுதுங்கோ.