நம்ம குடும்பம் குரூப்: குட்டிக்கு நாளைக்கு எண்டோஸ்கோப்பி

கவிதா: குட்டி எச்சில் கூட முழுங்க மாட்டேங்குறான். நடு நெஞ்சுல கை வச்சு இங்க குத்துதுங்குறான், ஜுரம் 102. காலைல எண்டோஸ்கோப்பி. பெரியவள யாராச்சும் பாத்துக்கணும்

சேகர் மாமா: நெஞ்சா?? ஹார்ட்டா???

கவிதா: இல்ல மாமா உணவுக்குழாய். வைரஸால உள்ள புண்ணு வந்திருக்கும்னு சந்தேகமாம்

பெரியம்மா: கண்ணுதான் பட்டிருக்கு

ரகு: ஒரு புண்ணுக்கா குழாய் விடுறாங்க

சுதா அக்கா: கவி பயப்படாத, வாயில புண்ணே இல்லாமலும் இது வரும், பெரும்பாலும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்தான், உதட்டோரம் கொப்புளம் போடுமே அதே வைரஸ், எதிர்ப்பு சக்தி கம்மியான பிள்ளைங்களுக்குதான் அதிகம்னாலும் நல்லா ஓடியாடுற பிள்ளைக்கும் வருது, மயக்கம் குடுத்து கேமரால பாத்து புண்ணோட ஓரத்துலேர்ந்து துளி சதை எடுப்பாங்க ஏன்னா பூஞ்சை வந்தாலும் இப்படியேதான் வலிக்கும் ஆனா மருந்து வேற, அப்புறம் அவனுக்கு வீசிங் இருக்குறத மறக்காம சொல்லு, அலர்ஜியால உணவுக்குழாய் வீங்கியிருக்குற பிள்ளைங்களுக்கு இதுவும் சேந்து வர்றதுண்டு

சேகர் மாமா: சுருக்கமா சொல்லும்மா

பெரியம்மா: உதட்டுக் கொப்புளமா. ஃபங்ஷன் அன்னிக்கு யாருக்கு இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்

சேகர் மாமா: அக்கா நேரா என் பேரையே சொல்லிடு

பெரியம்மா: நான் பேரே எடுக்கல

ரகு: ஆரம்பிச்சாச்சு 🙄

சுதா அக்கா: யார்கிட்டேர்ந்துன்னு சொல்லவே முடியாது, கொப்புளம் தெரியாதப்பவும் எச்சில்ல பரவும். ஆனா இருக்கும்போது பிள்ளைங்கள முத்தம் கொஞ்சாதீங்க மாமா

சேகர் மாமா: 🙏

ரகு: மாமா ஃபங்ஷன் ஃபோட்டோ எப்போ

பெரியம்மா: அதுல நான் ஒன்னுல கூட இல்லையாமே

கவிதா: ப்ளீஸ் இப்ப வேணாமே

ரகு: சாரி. மிச்ச ஆன்டிபயாடிக் இருக்கே அத குடுத்தா?

சுதா அக்கா: வைரஸுக்கு அது வேலைக்காகாது. அசைக்ளோவிர்னு வைரஸ் மருந்து குடுப்பாங்க, முழுங்க முடியலன்னா ஊசி வழியா. நிறைய பிள்ளைங்களுக்கு தானாவே கூட ஆறிடும், தண்ணி வத்திடக் கூடாது அவ்ளோதான். கவி, கடைசியா எப்போ ஒன்னுக்கு போனான்?

கவிதா: மதியம் 1 மணி இருக்கும்

சுதா அக்கா: இப்ப மணி 10. காலை வரைக்கும் இருக்காத. டாக்டருக்கு இப்பவே அடி

கவிதா: அடிக்கிறேன்

சேகர் மாமா: நான் கார் எடுக்குறேன்

பெரியம்மா: ராத்திரில உனக்கு கண்ணு தெரியாது, ரகு ஓட்டட்டும்

ரகு: எனக்கு காலைல ஆஃபீஸ்

கவிதா: உடனே கூட்டிட்டு வர சொல்றாங்க, ட்ரிப்ஸ் ஏத்தணுமாம். யாராச்சும் வாங்க

சேகர் மாமா: கீழ வந்து நில்லு

சுதா அக்கா: பெரியவள யார் பாத்துக்குறாங்க?

பெரியம்மா: இங்க விட்டுட்டுப் போகட்டும். ஃபோட்டோவுல இல்லாதவதான் எதுக்கும் வேணும்