சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, மைலேஜும் போச்சு: சென்சார் கோளாறா?

கேள்வி:
2003 மாடல் பெட்ரோல் கார். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினால் நாலைந்து முறை சாவி திருப்ப வேண்டியிருக்கிறது. அப்புறம் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. எஞ்சின் சூடான பிறகும் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் சுற்றும் வேகம்) 1,400 ஆர்.பி.எம்-ஐ விட்டு இறங்குவதில்லை. மைலேஜ் 14-லிருந்து 9 ஆகிவிட்டது. புது பிளக் போட்டும் இரண்டே வாரத்தில் கரி. டெம்பரேச்சர் முள் சரியாகப் பாதியில் நிற்பதால் டெம்பரேச்சர் சென்சாரில் குறை இல்லை என்கிறார் மெக்கானிக். ஸ்கேனர் இந்த வண்டியில் வேலை செய்யவில்லை. அப்பா ஆசையாக வாங்கிய வண்டி, விற்க மனமில்லை.

பதில்:
எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை (குளிர்விக்கும் நீரை) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் மைலேஜ் குறையும். ஹைவேயில் முள் கீழே இறங்குகிறதா?

கேட்டவர்:
இல்லை சார், அசையாமல் பாதியில்தான் இருக்கிறது.

பதில்:
தம்பி, முள்ளை நம்பாதீர்கள். பல பழைய வண்டிகளில் இரண்டு சென்சார் உண்டு. ஒற்றை வயர் உள்ளது முள்ளுக்கு. இரண்டு வயர் உள்ளது இ.சி.யூ-வுக்கு, அதாவது எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று முடிவு செய்யும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று அந்த இரண்டாவது தவறாகச் சொன்னால், இ.சி.யூ பெட்ரோலை அதிகமாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் எல்லாமே அதோடு பொருந்துகிறது.

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அப்புறம் அந்த இரண்டு வயர் சென்சாரைக் கழற்றுங்கள். சூட்டில் மூடியைத் தொடவே கூடாது, கூலன்ட் பீறிட்டு அடிக்கும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு பின்னிலும் அளந்து பாருங்கள். சாதாரண வெயிலில் பெரும்பாலான சென்சார்கள் 2,000 ஓம்ஸ் பக்கம் காட்டும். நுனியை மட்டும் கொதிக்கும் நீரில் வைத்தால் 200, 300-க்கு இறங்கிவிட வேண்டும். கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில நேரம் அதைச் சுத்தம் செய்தாலே போதும்.

இன்னொன்று: ஃபேன் ஓடுகிறதா? சில வண்டிகளில் ஃபேனும் இதே சென்சாரை நம்பித்தான் ஓடும். ஓடவில்லை என்றால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
ஃபேன் ஓடுகிறது அண்ணா. அதற்கு ரேடியேட்டரில் தனி சுவிட்ச் இருக்கிறது. கனெக்டர் சுத்தமாகத்தான் இருந்தது. சென்சார் ஆறியபோது 2,300. கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்தும் 1,900-க்குக் கீழே வரவில்லை!

பதில்:
அதுதான் கோளாறு. புதியதை மாட்டும் முன் அதையும் இதே போல நீரில் வைத்துப் பாருங்கள். போலி நிறைய வருகிறது.

கேட்டவர்:
புதியது 2,400-லிருந்து 210-க்கு வந்தது. மாட்டிவிட்டேன். எஞ்சின் சூடானதும் ஐடிலிங் 800-க்கு இறங்கிவிட்டது. உடனே நிறுத்தி ஸ்டார்ட் செய்தேன், ஒரே சாவி. அப்பாவிடம் போனில் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம். மிக்க நன்றி அண்ணா.

பதில்:
நல்லது தம்பி. இரண்டு நாள் காலையில் கூலன்ட் அளவைப் பாருங்கள், உள்ளே சிக்கிய காற்று வெளியேறினால் குறையும். எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.