நம் வீட்டுக் குழு: பாத் போவது எப்படி

செல்வி: இங்கிலாந்தில் இருக்கிற பாத் ஊருக்குப் போய் வந்துவிட்டோம். படங்களை அப்புறம் போடுகிறேன். அடுத்துப் போகிறவர்கள் காலையிலேயே ரோமன் பாத்ஸுக்குள், அதாவது ரோமர் கட்டிய பழைய வெந்நீர்க் குளியல் கூடத்துக்குள், போய்விடுங்கள், வெளியே வர மதியம் ஆனாலும் ஆகட்டும், மற்றதெல்லாம் தெருவோடு நடந்தபடியே பார்த்துவிடலாம்.

சித்தி: ரயிலிலா போனீர்கள்?

செல்வி: ஆமாம் சித்தி. லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம், மேடு இல்லை.

கார்த்திக்: தண்ணீர் நிஜமாகவே சூடா அக்கா? ஏன் அப்படிப் பச்சையாக இருக்கிறது?

செல்வி: ஊற்றில் 46 டிகிரிடா! மெண்டிப் மலைப் பக்கம் எப்போதோ பெய்த மழை பூமிக்குள் ஆழமாக இறங்கி, சூடேறி, ஒரு நாளைக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் பொங்கி வருகிறது. பெரிய குளத்தின் மேல் ஆவி பறந்துகொண்டே இருந்தது. பச்சை நிறம் பாசியால் வந்தது, ரோமர் காலத்தில் மேலே கூரை இருந்ததாம், வெயில் படாததால் பாசி பிடிக்கவில்லை. அடியில் பதித்த ஈயத் தகடு இன்றும் அவர்கள் போட்டதேதான்.

கார்த்திக்: இறங்கிக் குளிக்கலாமா?

செல்வி: அங்கே கூடாது. பக்கத்தில் தெர்மே பாத் ஸ்பாவில் இதே ஊற்றுத் தண்ணீரில், மொட்டை மாடிக் குளத்தில் குளிக்கலாம். ஆனால் 16 வயதுக்குக் கீழே விட மாட்டார்கள், அதனால் பிள்ளைகளோடு போன எங்களுக்கு வாய்க்கவில்லை.

செல்வி: எனக்கு மனசில் நிற்பது சாபத் தகடுகள்தான். ஊற்றுக்குள்ளிருந்து சுமார் 130 எடுத்திருக்கிறார்கள். சின்ன ஈயத் தகட்டில் கீறி எழுதி, சூலிஸ் மினர்வா தேவிக்கு என்று தண்ணீரில் போட்டுவிடுவார்களாம். டோசிமெடிஸ் என்ற ஒருவர் கையுறை ஒரு ஜோடி திருட்டுப் போனதற்கு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று எழுதியிருக்கிறார். ஒரு ஜோடி கையுறைக்காக அந்த மனுஷனுக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்பார்!

சித்தி: அடேயப்பா, கொல்லங்குடி வெட்டுடையார் காளியிடம் காசு வெட்டிப் போடுகிற மாதிரியே இருக்கிறதே.

செல்வி: அதேதான் சித்தி, நானும் அதைத்தான் நினைத்தேன்! சூலிஸும் ரோமர் வருவதற்கு முன்பே அந்த ஊர் மக்கள் கும்பிட்ட சாமிதான். வந்தவர்கள் தங்கள் மினர்வாவைக் கூடச் சேர்த்துக்கொண்டார்கள்.

சித்தி: என் முழங்காலுக்கு ராயல் கிரசென்ட் சரிப்படுமா?

செல்வி: அது மேட்டில் இருக்கிறது, டாக்ஸியில் மேலே போய் இறங்கி நடந்து வாருங்கள். பிறை வடிவத்தில் 30 வீடுகள், 1767இல் தொடங்கி 1774இல் முடித்தது. முன்பக்கம் ஒரே அரண்மனை போலத் தெரியும், பின்பக்கம் போனால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி. முகப்பு மட்டும்தான் கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் வரைந்தது, பின்னால் வாங்கியவர்கள் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார்கள். அவசியம் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். அபே தேவாலய வாசலில் ஏணியில் ஏறுகிற தேவதைச் சிற்பங்களையும் விடாதீர்கள், சிலர் தலைகீழாக இறங்குகிறார்கள்.

கார்த்திக்: டிக்கெட்?

செல்வி: ஆன்லைனில் முன்பே எடு, வார நாளில் விலை குறைவு.

சித்தி: அப்போ புதன்கிழமை போகலாம். கார்த்திக், உனக்கும் எனக்கும் சேர்த்து எடுத்துவிடு.